ஸெல்லர்ஸில் வேலை செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வடக்குவாசல்:

வணக்கம் உறவுகளே.

போன ஞாயிறு பேஸ்மென்டை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பழைய பிஸ்கற் ரின்னுக்குள் ஆணி, திறப்பு, செத்த பற்றரிகளுக்கு நடுவில் என் ஸெல்லர்ஸ் பெயர்ப்பட்டி கிடந்தது. ஸெல்லர்ஸ் என்பது கனடாவில் இருந்த மலிவு விலைச் சங்கிலிக் கடை. 1999இல் சேர்ந்தபோது தந்தது. என் பெயர் நீளம். லேபல் அடிக்கும் மெஷினில் முழுதாக வரவில்லை. சுருக்கி நாலு எழுத்தில் போடலாம் என்று நானே சொன்னேன். எங்கள் பகுதி சுப்பவைசர் அம்மா விடவில்லை. இரண்டு துண்டாக அடித்து, கத்திரிக்கோலால் வெட்டி, பொருத்து தெரியாமல் ஒட்டித் தந்தார். அப்பா அம்மா வைத்த பெயர் முழுதாகவே இருக்கட்டும் என்றார். அந்தப் பொருத்து இன்றைக்கும் கிளம்பவில்லை.

கடைகளில் பெரும்பாலானவை 2013இல் போய்விட்டன. 2023இல் ஹட்சன்ஸ் பே என்ற பழைய பெரிய கடைக் கொம்பனியின் கடைகளுக்குள் அதே பெயரில் சின்னச் சின்னப் பகுதிகள் திறந்தார்கள். 2025 யூன் 1ஆம் திகதி ஹட்சன்ஸ் பே தன் கடைகள் எல்லாவற்றையும் மூடியபோது அவையும் இல்லாமல் போயின. ஸெல்லர்ஸை 1978இல் வாங்கியதும் அவர்கள்தான்.

எங்கள் ஆட்களின் முதல் வேலை என்றால் ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவியது, ஃபாக்டரி, விடியப் பேப்பர் போட்டது, இந்தக் கதைகள்தான் கண்ணில் படுகின்றன. மலிவு விலைக் கடைகளில் நின்ற கனபேர் இருக்கிறோம். அதைப் பற்றி நான் அதிகம் வாசித்ததில்லை. அதனால் கேட்கிறேன். எந்தப் பகுதியில் நின்றீர்கள், யாரோடு நின்றீர்கள் என்று எழுதுங்கள்.

நான் நின்றது ரிசீவிங், அதாவது கடைக்கு வரும் சாமானை இறக்கி எடுக்கும் பகுதி. அப்போது ஒன்ராறியோவில் அடிப்படைச் சம்பளம் மணிக்கு 6.85 டொலர். 1995இலிருந்து 2004 தொடங்கும் வரை அது அசையவே இல்லை. விடிய ட்ரக் வந்து பின் கதவோடு பொருத்தி நிற்கும். பலட் ஜாக் என்ற தூக்கு வண்டிலை அடியில் கொடுத்து, சாமான் அடுக்கிய மரத்தட்டுகளை ஒவ்வொன்றாக இழுக்க வேண்டும். பிளாஸ்ரிக்கை வெட்டி, கூட வரும் சாமான் பட்டியல் ஸ்லிப்போடு ஒத்துப் பார்த்து, பகுதி பகுதியாகப் பிரித்து வைக்க வேண்டும். எனக்கு இங்கிலீஷ் வந்தது பெட்டிகளின் பக்கவாட்டிலிருந்துதான். குளியலறைத் திரைக்கு என்ன பெயர், குப்பை வாரும் தட்டுக்கு என்ன பெயர் என்பதெல்லாம் வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை.

இன்னொன்றும் அங்கேதான் பிடிபட்டது. கடைக்கு ஒரு தனிக் கலண்டர் இருந்தது. ஓகஸ்ட் பிறக்கும் முன்பே கொப்பி, பைண்டர், பென்சில் பெட்டி. செப்டெம்பரில் பூசணிக்காய் வாளியும் முகமூடியும். ஹலோவீன் முடிந்த அடுத்த நாள் விடிய அதே தட்டில் கிறிஸ்மஸ் லைற். மார்ச்சில் வெளியே ஸ்நோ கொட்டிக்கொண்டிருக்கும், உள்ளே நாங்கள் நீச்சல் உடுப்புத் தொங்கவிடுவோம். வந்த முதல் வருடம் இந்த நாட்டில் அடுத்து என்ன வரப்போகிறது என்பதை எனக்கு முன்கூட்டிச் சொன்னது அந்தப் பெட்டிகள்தான்.

சரி, மற்றவர்கள் எழுதுங்கள்.

கொண்டல்:

அண்ணா, நான் கடைக்குள்ளே இருந்த ரெஸ்ரோறன்ரில். 2001, 2002. காலையில் திறக்கும்போதே ஆறேழு வயதானவர்கள் வாசலில் நிற்பார்கள். கோப்பி, ரோஸ்ற், மதியம் வரைக்கும் கதை. யாராவது ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் மற்றவர்கள் என்னிடம்தான் வந்து விசாரிப்பார்கள். எனக்குத் தெரிந்தது அவர் முட்டையை எப்படிச் சாப்பிடுவார் என்பது மட்டும்தான், ஆனாலும் கேட்பார்கள். அந்த மேசைகள் மூடியபிறகு அவர்கள் எங்கே போய் இருந்தார்கள் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

மல்லிகை72:

தம்பி, நல்ல இழை தொடங்கினீர்கள். நான் கஷியர். 1997 முடிவிலிருந்து 2009 வரை, இரண்டு பிள்ளைப்பேறு லீவு தவிர.

எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது கிளப் ஸீ புள்ளிகள், சேர்த்துச் சாமான் எடுக்கும் வாடிக்கையாளர் புள்ளிகள். 1986இல் தொடங்கினார்கள். செலவழிக்கும் ஒவ்வொரு டொலருக்கும் 100 புள்ளி. காட் கொண்டுவராதவர்கள் நம்பரை வாயால் சொல்வார்கள். ஒரு வருடத்துக்குள் வழமையாக வருகிற நாற்பது ஐம்பது பேரின் நம்பர் எனக்கு மனப்பாடம். அவர்கள் வாய் திறக்கும் முன் அடித்துவிடுவேன். அதில் அவர்களுக்கு ஒரு சந்தோசம். எங்கள் ஆட்கள் சிலர் புள்ளி சேர்த்து எடுத்த சூட்கேஸோடுதான் முதல் தடவை ஊருக்குப் போனார்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது வரிக்கணக்கு. இப்போது ஒன்ராறியோவில் ஒரே வரியாக 13 வீதம். அது 2010 யூலையில் வந்தது. நான் சேர்ந்த காலத்தில் மத்திய வரி 7, மாகாண வரி 8, சேர்த்தால் 15. பிள்ளைகளின் உடுப்புக்கு மாகாண வரி இல்லை, புத்தகத்துக்கும் இல்லை. புதிதாக வந்த சனத்துக்கு இது எதுவும் தெரியாது. ஊரில் லேபலில் இருக்கிற விலைதான் கொடுக்கிற விலை. இங்கே லேபலில் 9.97 என்று இருக்கும், கையில் ஒரு 10 டொலர் தாளோடு லைனில் நிற்பார்கள். நான் அடித்தால் 11.47 என்று வரும். பின்னால் ஆட்கள் நிற்க, பேர்ஸைத் துழாவி, கடைசியில் சாமானை வைத்துவிட்டு, தலை குனிந்து போன பெண்களை எத்தனையோ தடவை பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். லைனில் எங்கள் முகம் ஏதும் தெரிந்தால், முன்னால் நிற்பவரின் சாமானை அடித்துக்கொண்டே தமிழில் மெதுவாகச் சொல்வேன், 'அக்கா, அது வரியோடு பதினொன்றரை வரும்' என்று. சோமாலியாவிலிருந்து வந்த ஒரு பிள்ளை பக்கத்து லைனில் தன் சனத்துக்கு இதே வேலையைச் செய்தாள். நாங்கள் இரண்டு பேரும் இதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. ஒருத்தி செய்வதை மற்றவள் பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

இன்னொரு விசயம் இருக்கிறது. வேலையால் வந்து எழுதுகிறேன்.

நெடுந்தீவான்:

எல்லோரும் இனிப்பாக எழுதுகிறீர்கள். குறை சொல்ல வரவில்லை. ஆனால் மற்றப் பக்கமும் இதில் இருக்க வேண்டும்.

நான் வேலை செய்தது வேறொரு சங்கிலிக் கடை. பெயர் வேண்டாம். பதினொரு வருடம். ஒருநாள் விடிய ஆறு மணிக்கு பஸ்ஸால் இறங்கிப் போனால் கதவில் சங்கிலி, கண்ணாடியில் ஒரு கடதாசி. இரண்டு கிழமைச் சம்பளமும் விடுமுறைக் காசும் அப்படியே நின்றுவிட்டது. பதினொரு வருடத்துக்கான ஈட்டுத்தொகை என்று ஒரு சதமும் இல்லை. இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். ஒன்ராறியோவில் வேலையை விட்டு நிறுத்தினால், வருடத்துக்கு ஒரு கிழமை என்ற கணக்கில் அதிகபட்சம் எட்டுக் கிழமை முன்னறிவித்தல் தர வேண்டும், அல்லது அதற்கான காசு தர வேண்டும். பெரிய கொம்பனி என்றால், ஐந்து வருடத்துக்கு மேல் நின்றவருக்கு அதற்கு மேலாக ஈட்டுத்தொகையும் உண்டு. கொம்பனி வங்குரோத்து என்று போய்விட்டால் முதலில் நிற்பது ஈடு வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தவர்கள். எங்கள் ஈட்டுத்தொகைக்கு வரிசையின் கடைசியில்தான் இடம்.

2008இல் மத்திய அரசு ஒரு பாதுகாப்புத் திட்டம் கொண்டுவந்தது. வங்குரோத்தான கொம்பனி தராத சம்பளத்தில் ஒரு எல்லை வரைக்கும் அரசு தரும். எனக்கு நடந்தது அதற்கு முன்பு. 2025இல் ஹட்சன்ஸ் பே மூடியபோது 8,000க்கு மேற்பட்டவர்கள் ஈட்டுத்தொகை இல்லாமல் வெளியே போனதைச் செய்தியில் பார்த்தேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அந்தக் கடையில் நல்ல மனிதர்கள் இருந்தார்களா என்றால், இருந்தார்கள். ஆனால் அவர்கள் அந்தக் கடதாசியை எழுதவில்லை.

வடக்குவாசல்:

அண்ணா, நீங்கள் எழுதியது இந்த இழைக்குத் தேவையானது. பெயர்ப்பட்டியை ஒட்டித் தந்த அந்த அம்மாவுக்கும் எங்கள் சம்பளத்தைத் தீர்மானித்தவர்களுக்கும் ஒரு தொடர்பும் இருக்கவில்லை. நான் எழுத நினைப்பது அந்த அம்மாவைப் போன்றவர்களைத்தான்.

மதகு:

ஏன் விழுந்தது என்று ஒருவரும் எழுதவில்லையே. நான் வீட்டுச் சாமான் பகுதியில் 1993இலிருந்து நின்றவன், அதனால் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

'குறைந்த விலையே சட்டம்' என்பது ஸெல்லர்ஸின் வாசகம். கனகாலம் அது உண்மையாகவே ஓடியது. 1990இல் டவர்ஸ் கடைகளை வாங்கினார்கள். அப்புறம் 1994இல் வோல்மார்ட் 122 வூல்கோ கடைகளை வாங்கிக் கனடாவுக்குள் வந்தது. எங்கள் சட்டத்தை இன்னொருவர் கையில் எடுத்த நாள் அதுதான். 1998இல் ஹட்சன்ஸ் பே கேமார்ட்டின் கனடாக் கடைகளை வாங்கி எங்களோடு சேர்த்தது. கடைகள் ஏறக்குறைய 350 ஆகின. எண்ணிக்கை கூடியது, விலையில் வோல்மார்ட்டைப் பிடிக்க முடியவில்லை. ஒரே தெருவில் பழைய ஸெல்லர்ஸும் பெயர் மாறிய கேமார்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்ற இடங்கள் இருந்தன. இரண்டிலும் ஒரே துவாய், ஒரே சட்டி.

2011 ஜனவரியில் அமெரிக்கக் கடைச் சங்கிலியான டார்கெட் 182.5 கோடி டொலருக்கு வாங்கியது கடைகளை அல்ல, குத்தகைகளைத்தான், அதிகபட்சம் 220 இடங்களுக்கு. கட்டடம் வேண்டும், அதற்குள் இருந்த ஆட்கள் தேவையில்லை என்பதுதான் அந்த ஒப்பந்தத்தின் அர்த்தம். அங்கே வேலை வேண்டும் என்றவர்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2013 மார்ச்சில் டார்கெட் திறந்தது. 2015 ஜனவரியில் 133 கடைகளையும் மூடுகிறோம் என்று அறிவித்தது. 17,600 பேருக்கு வேலை போனது.

வடக்குவாசல்:

மதகு அண்ணா, இதில் ரிசீவிங்காரனாக ஒன்று சொல்ல வேண்டும். டார்கெட்டின் களஞ்சியங்கள் நிரம்பிக் கிடக்க, கடைகளில் தட்டுகள் வெறுமையாக இருந்தன. பொருட்களின் நீள அகலம், ஒரு பெட்டிக்குள் எத்தனை என்பதெல்லாம் கணினியில் பிழையாக ஏறியிருந்ததாகப் பிறகு பத்திரிகைகள் விரிவாக எழுதின. வாசித்தபோது எனக்கு எங்கள் பின்பக்கம்தான் ஞாபகம் வந்தது.

எங்களிடமும் ஸ்லிப் 12 என்று சொல்லும், பெட்டியைத் திறந்தால் 6 இருக்கும். அது ஒவ்வொரு கிழமையும் நடக்கும். ஆனால் எங்களோடு 20 வருடம் நின்ற ஒரு மனிதர் இருந்தார். போர்த்துக்கீசர். பெட்டியைத் தூக்கும்போதே சொல்வார், இது 12 இல்லை என்று. பாரத்தில் தெரிந்துவிடும். எந்தக் கொம்பனியின் பெட்டி எப்போதும் பிழைக்கும் என்று சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். புதிதாக வருகிறவரை முதல்நாள் அந்தச் சுவருக்கு முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்துவார். அந்தப் பென்சில் எழுத்து எந்தக் கணினிக்குள்ளும் ஏறவில்லை. அவரைப் போல ஒவ்வொரு கடையிலும் ஒருவர் இருந்திருப்பார். 2013இல் அந்தச் சுவர்களுக்கெல்லாம் வெள்ளை அடித்திருப்பார்கள்.

கட்டடத்தோடு அவர்களையும் வைத்திருந்தால் டார்கெட் தப்பியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தட்டு வெறுமையாக இருக்கிறது என்பதை முதல் கிழமையிலேயே யாராவது சத்தம் போட்டுச் சொல்லியிருப்பார்கள்.

கொண்டல்:

2003 ஓகஸ்ட் 14 கரண்ட் போன அன்று வேலையில் நின்றவர்கள் இருக்கிறீர்களா? அப்போது நான் ரெஸ்ரோறன்ரை விட்டு மின்சாமான் பகுதிக்கு மாறியிருந்தேன். நாலு மணி தாண்டிச் சில நிமிடம்தான் இருக்கும். எல்லா ரிவியும் ஒரே நேரத்தில் அணைந்தன. அதற்குப் பிறகு வந்த அமைதி இன்னும் காதுக்குள் இருக்கிறது. கடைக்குள் ஜன்னல் இல்லை, நடுப்பகுதி முழு இருட்டு. மனேஜர் தட்டில் இருந்த ரோர்ச்லைற் பக்கெற்றுகளை உடைத்து எங்களிடம் தந்தார். ஒவ்வொரு வரிசையாகப் போய், சனத்தைக் கையைப் பிடித்து வாசலுக்குக் கொண்டுவந்தோம். ரொறன்ரோ முழுக்க, நியூயோர்க் வரைக்கும் இருட்டு என்று வெளியே கார் ரேடியோவில்தான் கேள்விப்பட்டோம். அன்றிரவு ஸ்காபரோவில் நான் கண்ட அளவு நட்சத்திரத்தை அதற்குப் பிறகு காணவில்லை.

மல்லிகை72:

நேற்றுச் சொன்னதை எழுதுகிறேன். இதை இதுவரைக்கும் எங்கும் எழுதவில்லை.

2004 டிசெம்பர் 26. பொக்ஸிங் டே. வருடத்திலேயே பெரிய கழிவு விற்பனை நாள். எனக்கு விடிய ஆறு மணிக்கு ஷிஃப்ட். எங்கள் குடும்பம் முல்லைத்தீவுக் கரையோரம். முதல்நாள் இரவு பத்து மணிக்குப் பிறகு ஆட்கள் ஒருவருக்கொருவர் போன் அடிக்கத் தொடங்கினார்கள். கடல் வந்துவிட்டது என்றார்கள். கடல் எப்படி வரும் என்று எனக்கு விளங்கவில்லை. தமிழ் ரேடியோவில் ஊர்ப் பெயர்களை வாசித்துக்கொண்டே இருந்தார்கள். கோலிங் காட்டில் விடிய நாலு மணிவரை அடித்தேன். ஒரு லைனும் கிடைக்கவில்லை.

வேலைக்குப் போனேன். ஏன் போனாய் என்று பிறகு கனபேர் கேட்டார்கள். வீட்டில் இருந்தால் அதே நம்பரை அடித்துக்கொண்டே இருப்பேன். கை வேறு ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது.

கதவு திறந்ததும் சனம் ஓடி வந்தது. ரிவி, டிவிடி பிளேயர், போர்வை. நான் அடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஆளோ நாலாவது ஆளோ, மிச்சக் காசைக் கொடுக்க முடியாமல் என் கையிலிருந்து சில்லறை முழுக்கக் கீழே கொட்டியது. பக்கத்து லைனில் நின்றது கனடாவின் கிழக்குக் கடலோரத் தீவான நியூஃபவுண்ட்லாந்தைச் சேர்ந்த பெண்மணி ஒருவர், அப்போதே அறுபதுக்குக் கிட்ட வயது. அவர் காலையில் செய்தி பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் லைனின் விளக்கை அணைத்தார். அந்தச் சனத்துக்கு முன்னால் என் தோளைப் பிடித்து மனேஜரின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மனேஜர் போனை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, வெளியே போய் என் லைனில் தானே நின்று அடித்தார். மதியம் வரை.

லைன் கிடைத்தது நாலாம் நாள். அம்மா, தம்பி இருந்தார்கள். சின்னம்மா வீட்டில் மூன்று பேர் இல்லை.

திரும்பி வேலைக்குப் போனபோது லன்ச் ரூமில் ஒரு கோப்பி ரின் இருந்தது. யார் வைத்தது என்று சொல்லவில்லை. உள்ளே பெரும்பாலும் ஐந்து டொலர் தாள்கள். மணிக்கு ஏழு டொலர் சொச்சம் எடுத்தவர்கள் போட்ட தாள்கள் அவை. அந்தப் பெண்மணியின் அப்பா மீன்பிடிக்கப் போய்க் கடலில் காணாமல் போனவராம். அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். 1986இல் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை நியூஃபவுண்ட்லாந்து மீனவர்கள் காப்பாற்றினார்கள் அல்லவா, அதையும் சொன்னார். 'எங்கள் ஆட்கள்தான் உங்கள் ஆட்களைத் தண்ணீரில் கண்டது, அதற்குப் பிறகு உன்னைத் தனியே விட முடியுமா' என்றார்.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

மதகு:

அக்கா, வாசித்தேன்.

தொடரி:

நான் எல்லோரையும் விடச் சின்னவன். இதை வாசித்த பிறகு என் கதையை எழுதலாமா என்று யோசித்தேன். கடைசி நாட்களில் நின்றவன் என்பதால் எழுதுகிறேன்.

2011இல் பதினேழு வயது, பள்ளிக்கூடம் முடிந்து பின்னேரம் நாலு மணி நேர ஷிஃப்ட். நான் சேர்ந்தபோதே கடை போகப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பழைய ஆட்கள் எனக்கு வேலை பழக்கினார்கள். உடுப்பை மடிக்கிற பலகையை எப்படிப் பிடிப்பது, தட்டின் முன்பக்கம் நிரம்பித் தெரிய சாமானை எப்படி இழுத்து வைப்பது, எல்லாம் வடிவாகச் சொல்லித் தந்தார்கள். இரண்டு வருடத்தில் மூடப்போகிற கடைக்கு இவ்வளவு கவனமா என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

கழிவு விற்பனை தொடங்கியதும் மஞ்சள், கறுப்பு மட்டைகள் தொங்கின. முதலில் 20 வீதம், பிறகு 40, பிறகு 70. 2013 பெப்ரவரி 4ஆம் திகதியிலிருந்து அரசு ஒரு சதக் காசு விநியோகிப்பதை நிறுத்தியது. காசாகக் கொடுத்தால் கிட்டிய ஐந்து சதத்துக்குக் கணக்கை முடிக்க வேண்டும். கடையின் கடைசிக் கிழமைகளில் நாங்கள் சனத்துக்கு இதை விளக்கிக்கொண்டு நின்றோம். 80 வயது அம்மா ஒருவர் ஒரு சதங்கள் நிரம்பிய போத்தலோடு வந்தார். இனி இது செல்லாது என்று நினைத்துவிட்டார். செல்லும், வங்கியிலும் எடுப்பார்கள் என்று சொல்லி எல்லாவற்றையும் எண்ணி வாங்கினேன்.

கடைசியில் சாமான் முடிந்து தளபாடம் விற்றார்கள். தட்டு, வண்டில், கண்ணாடி, லன்ச் ரூம் மேசை. மேசையைத் தூக்கியபோது அடியில் ஆட்கள் பெயர்களை எழுதி வைத்திருந்தார்கள், 80களிலிருந்து. வாங்கிய மனிதரிடம் அண்ணா ஒருவர் கேட்டு, அந்தப் பலகையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டார். இப்போது அது எங்கே என்று தெரியவில்லை. இதை வாசிக்கிற யாரிடமாவது இருந்தால் ஒரு படம் போடுங்கள்.

வடக்குவாசல்:

மல்லிகை அக்கா, உங்களுக்கு விருப்பம் என்றால் மட்டும் சொல்லுங்கள். அந்த நியூஃபவுண்ட்லாந்து அம்மா இப்போது எங்கே?

மல்லிகை72:

இருக்கிறார், தம்பி. ஊருக்கே திரும்பிப் போய்விட்டார், மகளோடு இருக்கிறார். முழங்கால் ஏலாது, கண் கொஞ்சம் மங்கல். ஒவ்வொரு வருடமும் டிசெம்பர் 26 விடிய ஆறு மணிக்கு எனக்குப் போன் அடிப்பார். அவருடைய ஊரில் அப்போது ஏழரை. ஷிஃப்டுக்கு வந்துவிட்டாயா என்று கேட்பார். வந்துவிட்டேன் என்பேன். அப்புறம் பிள்ளைகளைப் பற்றிக் கதைப்போம்.

நெடுந்தீவான்:

தங்கச்சி, இந்த வருடம் அவர் அடிக்கும்போது எங்கள் எல்லோருடைய வணக்கத்தையும் சொல்லுங்கள்.